இடுப்பு மூட்டு மாற்று: ‘தசையை வெட்டாத’ முன்பக்க வழி நமக்குத் தேவையா?

போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு விளம்பரம் வருகிறது. ‘தசையை வெட்டாமல் இடுப்பு மூட்டு மாற்று! மறுநாளே நடக்கலாம்!’ வீட்டில் பல மாதமாக நொண்டி நொண்டி நடக்கும் அப்பாவோ அத்தையோ இருந்தால், அதை அப்படியே தள்ளிவிட்டுப் போக மனசு வராது. உடனே குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகிறது. ‘இதையே பண்ணிடலாமா? எவ்ளோ ஆகும்? சென்னைக்குத்தான் போகணுமா? நகையை வெச்சுப் பார்க்கலாமா?’ என்று கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும்.

அந்த விளம்பரம் சொல்லும் முறை உண்மையானதுதான். ‘முன்பக்க வழி’ என்று எலும்பு மூட்டு டாக்டர்கள் அதைச் சொல்கிறார்கள். ஆனால் அதில் எவ்வளவு லாபம், யாருக்குப் பொருந்தும், அதற்காகக் கடன் வாங்க வேண்டுமா என்பதெல்லாம் அரை நிமிட வீடியோவில் வராது. கடலூர், சிதம்பரம் பக்கம் இருக்கும் ஒரு குடும்பம் இந்த முடிவை எடுக்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், எந்த இடுப்பு?

நம் பேச்சில் ‘இடுப்பு வலி’ என்றால் பெரும்பாலும் முதுகின் கீழ்ப்பகுதிதான். குனிந்து நாற்று நட்டாலோ மூட்டை தூக்கினாலோ பிடித்துக்கொள்ளுமே, அந்த இடம். இடுப்பு மூட்டு வேறு. தொடை எலும்பு உடம்போடு சேரும் இடத்தில், ஆழமாக உள்ளே இருக்கிறது. அது கெட்டால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில், அதாவது முன்பக்கம் தெரியும். சிலருக்குத் தொடை வழியாக இறங்கி முழங்காலில் வலிக்கும். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே ஒரு வருஷம் ஓட்டிவிட்டு, கடைசியில் எக்ஸ்ரே எடுத்தால் இடுப்பு மூட்டு தேய்ந்திருப்பது தெரியவரும்.

வீட்டிலேயே கவனிக்கச் சில அடையாளங்கள் உண்டு. சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. கால் நகம் வெட்டக் குனிய முடியவில்லை. செருப்பு வாரை மாட்ட ஒருவர் துணை வேண்டியிருக்கிறது. டவுன் பஸ் படியில் ஏறும்போது காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. இதில் இரண்டு மூன்று பொருந்தினால், அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் காட்டுங்கள். ‘இடுப்பு வலி’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘தொடை இடுக்குல வலிக்குது’ என்று விரல் வைத்துக் காட்டுங்கள். சரியான இடத்துக்கு எக்ஸ்ரே எடுக்க அது உதவும்.

பந்தும் கிண்ணமும்

இடுப்பு மூட்டை ஒரு கிண்ணத்துக்குள் சுழலும் பந்து என்று நினைத்துக்கொள்ளுங்கள். தொடை எலும்பின் உச்சிதான் பந்து. இடுப்பெலும்பில் இருக்கும் குழிதான் கிண்ணம். இரண்டின் மேலும் வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அது தேய்ந்துபோனால் எலும்போடு எலும்பு உரசும். அதுதான் வலி.

வயதானால்தான் இது தேயும் என்று நினைக்க வேண்டாம். பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைபட்டு, எலும்பு உள்ளுக்குள்ளேயே செத்துப்போகும் ஒரு நோய் இருக்கிறது. இருபது வயதிலிருந்து ஐம்பது வயதுக்குள் இருப்பவர்களிடம் அதிகம் காணப்படும். நம் நாட்டில் இளம் வயதில் மூட்டு மாற்று செய்துகொள்பவர்களில் பலர் இந்த நோய்க்காரர்கள். அதிக மது, நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து, பழைய அடி ஆகியவை முக்கியக் காரணங்கள். சீட்டு இல்லாமல் வாங்கும் சில ‘வலி மாத்திரை’களிலும் பெயர் தெரியாத பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அதனால் டாக்டர் எழுதாத மருந்தை மாதக்கணக்கில் சாப்பிடாதீர்கள். இந்த நோய் தொடக்கத்தில் எக்ஸ்ரேவில் தெரியாமல் போகலாம். எம்ஆர்ஐ ஸ்கேனில் தெரியும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மூட்டை மாற்றாமலே காப்பாற்றும் வாய்ப்பு சிலருக்கு உண்டு.

இன்னொரு நிலை அவசரமானது. பாத்ரூமில் வழுக்கி விழுந்த பாட்டியால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது. இது தொடை எலும்பின் கழுத்து முறிந்ததாக இருக்கலாம். நீவி விடக் கூடாது, கட்டு வைத்தியத்துக்கும் கொண்டுபோகக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். வயதானவர்களுக்கு ஓரிரு நாளுக்குள் அறுவை நடப்பது நல்லது. நாள் தள்ளத் தள்ள நிமோனியா, படுக்கைப் புண், ரத்தக்கட்டி என்று பிரச்சினைகள் கூடும்.

முழு இடுப்பு மூட்டு மாற்று என்றால் என்ன? கெட்டுப்போன பந்தை எடுத்துவிட்டு, தொடை எலும்புக்குள் ஒரு உலோகத் தண்டைச் செருகி, அதன் மேல் உலோகம் அல்லது செராமிக்கில் புதுப் பந்தை வைக்கிறார்கள். குழிக்குள் ஒரு உலோகக் கிண்ணமும் அதற்குள் பிளாஸ்டிக் அல்லது செராமிக் உறையும் வரும். சிலருக்கு எலும்பு சிமெண்ட் வைத்து ஒட்டுவார்கள். சிலருக்கு எலும்பே வளர்ந்து பிடித்துக்கொள்ளும் வகையைப் போடுவார்கள். இன்றைய முறைக்கு வழி போட்டவர் இங்கிலாந்து டாக்டர் ஜான் சார்ன்லி. 1962-ல் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அவர் தொடங்கிய வடிவத்தின் வாரிசுதான் இன்று உலகம் முழுக்கப் பொருத்தப்படுகிறது. ‘தி லான்செட்’ மருத்துவ இதழ் 2007-ல் இதை ‘நூற்றாண்டின் அறுவை சிகிச்சை’ என்றே எழுதியது.

ஊன்றிய காலில் ஒரு பாடம்

இனி தசைக்கு வருவோம். சிதம்பரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல ஒரு நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. நடராஜர் இடது காலைத் தூக்கி, வலது காலை ஊன்றி நிற்கிறார். எல்லார் கண்ணும் தூக்கிய காலில்தான் இருக்கும். பாரம் முழுக்க ஊன்றிய காலின் இடுப்பு மூட்டில் இருக்கிறது.

வீட்டில் நீங்களும் ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். தூக்கிய கால் பக்கம் இடுப்பு கீழே சரிய வேண்டும். ஆனால் சரிவதில்லை. ஏன்? ஊன்றிய பக்கத்தில், புட்டத்தின் வெளிப்புறம் இருக்கும் ‘குளூட்டியஸ் மீடியஸ்’ என்ற தசை இடுப்பெலும்பை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. உடம்பின் எடை ஒரு பக்கம், தசையின் இழுப்பு மறுபக்கம், நடுவில் மூட்டு. அதனால் ஒற்றைக் காலில் நிற்கும்போது அந்த மூட்டில் உடல் எடையைப்போலச் சுமார் இரண்டரை முதல் மூன்று மடங்கு பாரம் இறங்குகிறது. 60 கிலோ எடை உள்ளவருக்கு 150 கிலோவுக்கு மேல். நடப்பதும் ஒவ்வொரு காலாக மாறி மாறி ஒற்றைக் காலில் நிற்பதுதானே!

இந்தத் தசை பலவீனமானால் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு பக்கவாட்டில் சாயும். மூட்டு புதிதாக இருந்தும் நடை கோணலாகவே இருக்கும். மூட்டை அடைய டாக்டர் எந்தத் தசை வழியாகப் போகிறார் என்பதற்கு இவ்வளவு முக்கியத்துவம் இருப்பது இதனால்தான்.

இதிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. கைத்தடியை வலிக்கும் காலின் பக்கம் பிடிக்கக் கூடாது. எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். வலது இடுப்பு வலித்தால் தடி இடது கையில். அப்போதுதான் அந்தத் தசையின் வேலை குறைந்து மூட்டின் பாரமும் குறையும். நம் ஊரில் பலரும் இதைத் தலைகீழாகத்தான் பிடிக்கிறார்கள்.

உள்ளே போக மூன்று வழிகள்

ஒரு வீட்டுக்குள் முன்வாசல், பக்கவாசல், கொல்லைவாசல் என்று எந்த வழியாகவும் போகலாம். இடுப்பு மூட்டுக்கும் அப்படித்தான்.

பின்பக்க வழி: நோயாளி பக்கவாட்டில் படுத்திருப்பார். புட்டத்தின் பெரிய தசையை இழைவாக்கில் பிரித்து, அதன் அடியில் தொடையை வெளிப்பக்கம் திருப்பும் சிறு தசைகளை எலும்பிலிருந்து விடுவித்து மூட்டைத் திறப்பார்கள். வேலை முடிந்ததும் அவற்றைத் திரும்பத் தைப்பார்கள். மீடியஸ் தசையை இதில் தொடுவதில்லை. உலக அளவில் மிக அதிகமாகக் கையாளப்படும் வழிகளில் ஒன்று. ஆழமாகக் குனிந்தாலோ காலை உள்பக்கம் மடக்கினாலோ பந்து பின்பக்கமாக நழுவும் ஆபத்து இதில் கொஞ்சம் உண்டு. திறந்த மூட்டுறையையும் தசைகளையும் நன்றாகத் தைத்து மூடினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும்.

பக்கவாட்டு வழி: மீடியஸ் தசையின் முன்பகுதியைப் பிரித்து உள்ளே போவார்கள். பந்து நழுவும் ஆபத்து குறைவு. ஆனால் அந்தத் தசை சரியாக ஆறாவிட்டால் நடையில் சாய்வு தங்கிவிடலாம்.

முன்பக்க வழி: நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். தொடையின் முன்பக்கம் சுமார் 10 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தோலைத் திறந்து, இரண்டு தசைகளுக்கு நடுவில் இருக்கும் இயற்கையான இடைவெளி வழியாக உள்ளே போவார்கள். உள்பக்கம் இருக்கும் தசைக்குப் பெயர் ‘சார்டோரியஸ்’. லத்தீனில் தையற்காரர் என்று பொருள். சம்மணம் போட்டு உட்காரும்போது வேலை செய்யும் தசை. வெளிப்பக்கம் ‘டென்சர் ஃபேசியா லாட்டா’ என்ற தசை. இவை இரண்டுக்கும் வேறு வேறு நரம்புகள் வருகின்றன. அதனால் நடுவில் பிரித்தால் எதற்கும் நரம்புத் தொடர்பு அறுவதில்லை. வயலுக்குள் இறங்காமல் வரப்பு மேலேயே நடந்து போவதுபோல.

இதைத்தான் ‘தசையை வெட்டாமல்’ என்று விளம்பரம் சொல்கிறது. முழுக்க முழுக்க எதையும் வெட்டுவதில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மூட்டைச் சுற்றியுள்ள உறையைத் திறந்துதான் ஆக வேண்டும். தொடை எலும்பை மேலே கொண்டுவரப் பின்பக்கம் உள்ள சில சிறு தசைநாண்களை விடுவிக்க வேண்டியும் வரலாம்.

இது புது வழியும் இல்லை. ஜெர்மனியின் கார்ல் ஹூட்டர் 1881-லேயே இந்த இடைவெளியைப் பற்றி எழுதினார். அமெரிக்காவில் ஸ்மித்-பீட்டர்சன் 1917-ல் இதை விவரித்தார். பாரிஸில் ராபர்ட் ஜூதே 1947-ல் இந்த வழியாகச் செயற்கை மூட்டைப் பொருத்தினார். 1990-களின் பின்பாதியில் அமெரிக்க டாக்டர் ஜோயல் மாட்டா இதைப் பலருக்கும் கற்றுக்கொடுத்த பிறகுதான் பெரிய அளவில் பரவியது.

லாபம் எவ்வளவு? எச்சரிக்கை என்ன?

லாபம் உண்மையானது. பெரும்பாலும் முதல் சில வாரங்களில் தெரிவது. அமெரிக்காவின் மாயோ கிளினிக் டாக்டர்கள் 2018-ல் வெளியிட்ட ஒரு ஒப்பீட்டைப் பாருங்கள். முன்பக்க வழியில் செய்தவர்கள் சுமார் 10 நாளில் வாக்கரை விட்டார்கள். பின்பக்க வழியில் செய்தவர்களுக்குச் சுமார் 15 நாள் ஆனது. தடி உட்பட எல்லாத் துணையையும் விடச் சுமார் 17 நாள், 24 நாள். ஆக ஒரு வாரம் வித்தியாசம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தார்கள். மல்லாந்து படுத்திருப்பதால் இரண்டு காலின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும், அறுவையின்போதே எக்ஸ்ரேவில் சரிபார்ப்பதும் எளிது என்பது இன்னொரு வசதி.

எச்சரிக்கைகளும் உண்டு. தொடையின் வெளிப்பக்கத் தோலுக்குப் போகும் ஒரு நரம்பு வெட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. அது அழுந்தினால் அந்த இடம் மரத்துப்போகும். பலருக்கு மாதங்களில் குறையும், சிலருக்கு நீடிக்கும். நடைக்கு இதனால் பாதிப்பில்லை. தொடை எலும்பை வெளியே கொண்டுவருவது இந்த வழியில் சிரமம் என்பதால், பழக்கம் குறைந்த கையில் எலும்பு விரியும் அபாயம் கூடும். அடிவயிறு பெருத்து மடிப்பு விழுந்தவர்களுக்கு வெட்டுக்காயம் வியர்வையில் நனைந்து ஆறத் தாமதமாகலாம்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சுமார் 30,000 பேரின் அறுவைகளைப் பார்த்து 2020-ல் ஒரு ஆய்வு வெளியானது. முன்பக்க வழியில் செய்தவர்களில் நூற்றுக்கு இருவருக்கும், மற்ற வழிகளில் செய்த அதே மாதிரியான நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் ஒரு வருடத்துக்குள் பெரிய சிக்கல் வந்திருந்தது. ஆழமான தொற்று, பந்து நழுவுதல், மறு அறுவை ஆகியவைதான் அந்தச் சிக்கல்கள். இரண்டுமே சின்ன எண்கள்தான், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ‘முன்பக்க வழிதான் எல்லாருக்கும் பாதுகாப்பு’ என்று யாராவது சொன்னால் அதற்கு ஆதாரம் போதாது.

இந்த வழி கைக்குப் பழக ஒரு டாக்டருக்கு 50 முதல் 100 அறுவைகள் வரை ஆகலாம் என்று எலும்பு மூட்டு மருத்துவத்தில் பொதுவாகச் சொல்வார்கள். நூற்றுக்கணக்கில் பின்பக்க வழியில் செய்து கை தேர்ந்த டாக்டரிடம் போய், ‘விளம்பரத்துல பார்த்தேன், எங்கப்பாவுக்கு முன்பக்கம்தான் வேணும்’ என்று அடம்பிடிப்பது புத்திசாலித்தனம் ஆகாது. வழியைவிட, அந்த வழியில் பழகிய கைதான் முக்கியம்.

புது மூட்டு எவ்வளவு காலம் வரும் என்றும் எல்லாரும் கேட்பார்கள். நாட்டளவிலான பதிவேடுகளை வைத்து 2019-ல் ‘தி லான்செட்’ இதழில் வந்த கணக்குப்படி, 100 மூட்டுகளில் 58 மூட்டுகள் 25 வருடம் தாண்டியும் மாற்றப்படாமல் இருந்தன.

டாக்டரிடம் கேட்க ஏழு கேள்விகள்

இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

1. எனக்கு இப்போதே மூட்டு மாற்று தேவையா? மாத்திரை, உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, கைத்தடி என்று இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா?

2. நீங்கள் வழக்கமாக எந்த வழியில் செய்கிறீர்கள்? அந்த வழியில் இதுவரை சுமார் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?

3. என் உடல்வாகுக்கும் எலும்பின் நிலைக்கும் அந்த வழி பொருந்துமா?

4. எந்த வகை மூட்டு? சிமெண்ட் வைப்பதா, வைக்காததா? என் வயதுக்கு ஏன் அது?

5. அறுவைக்குப் பிறகு தரையில் உட்காரலாமா? இந்தியன் டாய்லெட் போகலாமா? வயல் வேலை, டூவீலர் எப்போது?

6. காப்பீட்டில் எவ்வளவு வரும்? அதற்கு மேல் ஏதாவது கட்ட வேண்டுமென்றால் எதற்கு என்று எழுதித் தருவீர்களா?

7. வீட்டுக்குப் போன பிறகு பிரச்சினை வந்தால் யாரை எந்த நம்பரில் கூப்பிட வேண்டும்?

கேட்பதற்குச் சங்கடப்பட வேண்டாம். நல்ல டாக்டர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். ஐந்தாவது கேள்வி நம் ஊருக்கு ரொம்ப முக்கியம். மேஜை நாற்காலி வாழ்க்கைக்கு எழுதிய அறிவுரை, தரையில் இலை போட்டுச் சாப்பிடும் வீட்டுக்கு அப்படியே பொருந்தாது.

எங்கே போவது? பணத்துக்கு என்ன செய்வது?

கடலூர் பக்கம் இருப்பவர்களுக்கு அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரம் பக்கம், அண்ணாமலை நகரில் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்று 1985-ல் தொடங்கியதுதான் இன்று அரசு மருத்துவக் கல்லூரியாக இருக்கிறது. கடலூரிலிருந்து வடக்கே போனால் புதுச்சேரியில் ஜிப்மர், வடமேற்கே முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி. முதலில் பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் புறநோயாளிகள் பிரிவில் காட்டி, எக்ஸ்ரேவைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து எங்கே போனாலும் அது உதவும்.

பணத்துக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2012 ஜனவரியில் தொடங்கி, 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை. திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகள் இரண்டிலும் செல்லும். இடுப்பு மூட்டு மாற்றும் சிகிச்சைப் பட்டியலில் உண்டு.

செய்ய வேண்டியவை:

அட்டை இருக்கிறதா என்று தெரியவில்லையா? திட்டத்தின் இணையதளத்தில் குடும்ப அட்டை எண்ணைப் போட்டுப் போனிலேயே பார்க்கலாம்.

அட்டை இல்லை என்றால், முதலில் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். பிறகு வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு கடலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். நோயாளியின் பெயர் குடும்ப அட்டையில் இருக்க வேண்டும். மகனுடைய அட்டையில் அப்பாவின் பெயர் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். பலரும் தடுமாறும் இடம் இது.

நீங்கள் போக நினைக்கும் மருத்துவமனை இந்தத் திட்டத்தில், இந்த அறுவைக்கு அனுமதி பெற்றதா? கட்டணமில்லாத் தொலைபேசி 1800 425 3993. அட்மிட் ஆவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மருத்துவமனைக்குள் போனதும் காப்பீட்டு உதவி மேசையில் அட்டையைக் காட்டுங்கள். முன் அனுமதி வந்த பிறகுதான் அறுவைத் தேதி குறிப்பார்கள்.

அட்டை செல்லும் மருத்துவமனையில் ‘இது ஸ்பெஷல் முறை, அதனால தனியாக் கட்டணும்’ என்று சொன்னால், எதற்கு எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். அதே எண்ணில் புகாரும் சொல்லலாம். முன்பக்க வழியாகப் போனாலும் பின்பக்க வழியாகப் போனாலும் உள்ளே பொருத்துவது அதே பந்தும் கிண்ணமும்தான். ஒரு வாரம் முன்னால் வாக்கரை விடுவதற்காக வீட்டை அடமானம் வைக்கலாமா என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து யோசியுங்கள்.

அந்தச் சின்ன ஸ்டிக்கரைத் தொலைக்காதீர்கள்

பொருத்தும் ஒவ்வொரு பாகத்தின் பெட்டியிலும் ஸ்டிக்கர் இருக்கும். நிறுவனம், மாடல், அளவு, தயாரிப்பு எண் எல்லாம் அதில் இருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் அதை ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். போனில் படம் எடுத்து, குடும்பத்தில் இரண்டு பேரிடமாவது வையுங்கள்.

இது ஏன் முக்கியம்? உலோகத்தோடு உலோகம் உரசும் வகையைச் சேர்ந்த ‘ஏஎஸ்ஆர்’ என்ற இடுப்பு மூட்டை அதன் தயாரிப்பாளர் 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார். இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகளில் அது பொருத்தப்பட்டிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர 2018-ல் மத்திய அரசு வழிமுறை வகுத்தபோது, அவர்களில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. கையில் ரசீதும் ஸ்டிக்கரும் இருந்தவர்களுக்கு வழி திறந்தது. இன்று பொருத்தப்படுபவை பெரும்பாலும் வேறு வகை. இருந்தாலும் பத்து வருஷம் கழித்து மறு அறுவை தேவைப்பட்டால், உள்ளே இருப்பது என்ன என்று டாக்டருக்கு அந்த ஸ்டிக்கர்தான் சொல்லும்.

அறுவைக்கு முன்னும் பின்னும்

முன்னால்: சர்க்கரையைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவாருங்கள். சொத்தைப் பல், காலில் புண், சிறுநீர்த் தொற்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அங்கிருந்து கிருமி புது மூட்டுக்குப் போகலாம். பீடி, சிகரெட், மதுவை நிறுத்துங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வீட்டில் ஒரு உயரமான நாற்காலியும் வெஸ்டர்ன் டாய்லெட்டோ அதற்கான நாற்காலியோ தயார் செய்யுங்கள். மிதியடி, ஈரத் தரை, குறுக்கே கிடக்கும் வயர் எல்லாம் ஒதுங்கட்டும்.

பின்னால்: எந்த வழியில் செய்திருந்தாலும் அன்றோ மறுநாளோ வாக்கரோடு நடக்க வைப்பார்கள். வலிக்குதே என்று படுத்தே இருந்தால் காலில் ரத்தக்கட்டி வரும் ஆபத்து உண்டு. படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். பின்பக்க வழி என்றால் ஆழமாகக் குனிவதும் கால் மேல் கால் போடுவதும் கொஞ்ச காலம் கூடாது. முன்பக்க வழி என்றால் காலைப் பின்னால் நீட்டி வெளிப்பக்கம் திருப்புவதில் கவனம் வேண்டும். எத்தனை வாரம் என்பதை உங்கள் டாக்டர் சொல்வார்.

பிசியோதெரபிக்கு வாரம் மூன்று முறை ஆட்டோ பிடித்துப் போக முடியாதே என்று கவலைப்படுபவர்களுக்கு: 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தரும் சேவை உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சீட்டோடு போய்ப் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

காய்ச்சல், வெட்டுக்காயத்தில் நீர் அல்லது சீழ், கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, திடீரென்று கால் குட்டையாகி ஊன்ற முடியாமல் போவது: இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி என்றால் உடனே 108.

கையில் இருக்க வேண்டிய எண்கள்

அவசர ஆம்புலன்ஸ்: 108
மருத்துவ ஆலோசனை: 104
முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: 1800 425 3993

இந்தக் கட்டுரை பொதுத் தகவலுக்கானது. உங்களுக்கு எந்த வழி என்பதை உங்கள் எக்ஸ்ரேவைப் பார்த்த டாக்டரும் நீங்களும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பேச்சுக்குப் போகும்போது மேலே உள்ள ஏழு கேள்விகளையும் காப்பீட்டு அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.